ஆண்ட்ரு பெல்லும் மணற் பள்ளியும்

உலகிற்கு நன்மை பயந்த கருவிகள் யாவும் விலை உயர்ந்தவை அல்ல. காலடியில் கிடக்கும் மணலுங்கூடக் கருத்துடையார் கண்ணில் பட்டால் சிறந்ததொரு கருவியாகிவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரைக் கடந்து பழவேற்காட்டு ஏரியை நோக்கிச் செல்வோர், ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பையும், அதனையொட்டி அமைந்த மீனவச் சிற்றூர்களையும் காண்பர். அவ்வூர்ச் சிறுவர்க்கு மணலே முதல் விளையாட்டுக் களம். அதே கடற்கரை நாட்டில், சென்னை நகரையடுத்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நாள் காலை, தமிழ்ச் சிறுவர் சிலர் மணலில் விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தனர். அவ்வழியே குதிரைமீது சென்ற அயல்நாட்டார் ஒருவர் அதனைக் கண்டார். அக்காட்சியிலிருந்து வளர்ந்த கல்விமுறை, ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் கடல் கடந்து சென்று பல்லாயிரம் பள்ளிகளில் இடம்பெற்றது. அவ்வயல்நாட்டாரே ஆண்ட்ரு பெல் என்பவர்.

இளமை

ஸ்காத்லாந்து நாட்டின் கீழ்க்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழமையான நகரம் உள்ளது. பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்ற அந்நகரில், 1753ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் பெல் பிறந்தார். அவர் தந்தையார் முடிதிருத்தும் தொழில் செய்தவர். செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. ஆயினும் மகனைக் கல்வியில் உயர்த்த வேண்டும் என்னும் ஆர்வம் அக்குடும்பத்தில் குறையாதிருந்தது.

பெல்லின் பள்ளிப்பருவம் இனியதாக அமையவில்லை. அந்நாளில் இலத்தீன் இலக்கண விதிகளைப் பிள்ளைகள் பொருள் உணராமலே நெட்டுருச் செய்ய வேண்டும். ஒரு சொல் தவறினும் பிரம்படி விழும். நெட்டுருச் செய்யும் ஆற்றல் பெல்லுக்கு இயல்பாக வாய்க்கவில்லை. ஆதலின் அவர் நாள்தோறும் நடுங்கிக்கொண்டே பள்ளிக்குச் சென்றார். இன்று அடி விழுமோ, விழாதோ என்னும் கவலையே பாடத்தைவிடப் பெரிதாக அவர் உள்ளத்தில் நின்றது. முதுமையிலும் அவர் அந்த அச்சத்தை மறக்கவில்லை.

ஆயினும் அவர் அறிவில் குறைந்தவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் கணிதமும் பௌதிகமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. காரணம் கண்டு, செய்து பார்த்துக் கற்கும் அப்பாடங்களில் அவர் முன்னணியில் நின்றார். நெட்டுருப் பள்ளியில் தோற்ற பிள்ளையே ஆராய்ச்சிப் பாடத்தில் வென்றான். இதனால், கற்கும் பிள்ளையைக் குறைகூறுமுன் கற்பிக்கும் முறையை ஆராய வேண்டும் என்னும் உண்மை அவர் வாழ்க்கையிலேயே விளங்கியது.

கல்வி முடிந்ததும், 1774ஆம் ஆண்டில் பெல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராக அமர்ந்தார். அங்கே விடுதலைப் போர் மூண்டது. 1781ஆம் ஆண்டில் தாயகம் திரும்பப் புறப்பட்டபோது கப்பல் உடைந்து துன்புற்றார். பின்னர் ஊர் வந்து சேர்ந்து, இங்கிலாந்துத் திருச்சபையில் சமயகுருவானார். 1787ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். கல்கத்தா செல்வதே அவர் எண்ணம். ஆனால் சென்னையில் இறங்கியவர் இங்கேயே தங்கிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகள் பலவற்றிற்குச் சமயகுருவாகப் பணியேற்றார். தாம் கொண்டுவந்த அறிவியற் கருவிகளைக் கொண்டு நகரமக்கள் முன் சொற்பொழிவுகளும் நிகழ்த்தினார்.

எழும்பூர் இல்லம்

அந்நாளில் சென்னையில் படைவீரர் பலர் போரிலும் நோயிலும் மாண்டனர். அவர்களுடைய பிள்ளைகள் ஆதரவற்றுத் திரிந்தனர். அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். அவர்களைக் காப்பதற்கென 1789ஆம் ஆண்டில் எழும்பூரில் ஆண்பிள்ளைகள் இல்லம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் மேற்பார்வையாளர் பொறுப்பைப் பெல் ஏற்றார். அப்பணிக்குரிய ஊதியத்தை அவர் பெற்றுக்கொள்ளவில்லை. சமயகுருப் பதவிகளால் வந்த வருவாய் அவருக்குப் போதியதாக இருந்தது.

இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றி அக்கால ஐரோப்பியர் பலர் இழிவான எண்ணம் கொண்டிருந்தனர். கலப்பில் பிறந்த இவர்களுக்கு அறிவும் அமையாது, ஒழுக்கமும் அமையாது என்று அவர்கள் கருதினர். பள்ளியின் நிலையும் அவ்வெண்ணத்திற்குத் துணைசெய்வது போலவே இருந்தது. ஆசிரியர் சிலரே, அவர்களும் பயிற்சி இல்லாதவர்கள். சிறிது பழகியதும் கூடுதல் ஊதியம் கிடைக்கும் வேறு வேலையை நாடிச் சென்றனர். ஒரே பாடத்தைத் திங்கட்கணக்கில் சொல்லியும் பிள்ளைகள் எழுத்துகளைக்கூட அறியாதிருந்தனர். ஆசிரியர்கள் பிள்ளைகளை மந்தர் என்றனர். பெல் அதனை ஏற்கவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் நடுங்கி நின்ற சிறுவனை அவர் மறந்தவர் அல்லரே!

மணலில் எழுத்து

இந்நிலையில்தான் அவர் அந்தத் தமிழ்ப் பள்ளியைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை ‘மலபாரிகள்’ என்று வழங்கியமையால், பெல்லும் அதனை மலபார்ப் பள்ளி என்றே குறித்தார். அது நம் ஊர்களில் வழிவழியாக நடைபெற்றுவந்த திண்ணைப் பள்ளிக்கூடமே. அங்கே சிறுவர் தரையில் அமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். எழுதும்போதே எழுத்தின் ஒலியையும் வாய்விட்டுக் கூறினர்.

திண்ணைப் பள்ளியில் மணல் வந்ததற்குத் தக்க காரணம் உண்டு. அந்நாளில் எழுதுவதற்குப் பனையோலையும் எழுத்தாணியுமே இருந்தன. ஓலையை இடக்கையில் பிடித்து, வலக்கையால் எழுத்தாணியை அழுத்திக் கீறுவதற்கு விரல்களில் வலிமை வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வலிமை இராது. மேலும் ஓலையில் கீறிய கோடு கீறியதேயாம். பிழை நேர்ந்தால் அழிக்க இயலாது. மணலோ அத்தகையதன்று. மெல்லிய விரலுக்கும் அது வழிவிடும். பிழையாக எழுதினால் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிடலாம். பிழை இருந்த சுவடும் இராது. பிழைக்கு அஞ்சாத பிள்ளை மீண்டும் மீண்டும் எழுதும். மீண்டும் மீண்டும் எழுதிய கை எழுத்தை மறவாது.

இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் ஒரே வழியில் பாடத்தைப் பற்றுவதில்லை. ஒன்றைக் கேட்டு விரைவில் உணரும் பிள்ளை, அதனைக் கையால் செய்யும்போது தயங்கலாம். சொல்லக் கேட்டு மயங்கும் பிள்ளை, செய்து பார்த்தால் தெளிவு பெறலாம். மீனவச் சிறுவன் வலை முடியக் கற்பது எவ்வாறு? எவரும் அவனுக்கு விரிவுரை ஆற்றுவதில்லை. அவன் அண்ணன் அருகில் அமர்ந்து பார்க்கிறான். நூலைத் தானும் எடுக்கிறான். தவறாகப் போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போடுகிறான். மணலில் எழுதும் பிள்ளைக்கும் கண், செவி, வாய், விரல் ஆகிய நான்கும் ஒருங்கே துணைசெய்கின்றன. ஒரு வாயில் அடைபட்டிருப்பினும் மற்றொரு வாயில் வழியாகப் பாடம் உள்ளே புகுந்துவிடுகிறது.

பெல் இதனைக் கண்டு பெருமகிழ்ச்சி கொண்டார். உடனே இல்லத்திற்குத் திரும்பி, எழுத்துப் பயிலும் வகுப்பில் மணல் பரப்பிக் கற்பிக்குமாறு ஆசிரியர்க்குக் கூறினார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. இது நடவாத காரியம் என்று சொல்லி, அரைமனத்துடன் செய்துபார்த்துக் கைவிட்டனர். புதுமையை வெறுப்பவர் கையில் எந்தக் கருவியும் பயன்படாது அன்றோ? கட்டளையிட்டு அவர்களை மாற்ற இயலாது என்பதைப் பெல் உணர்ந்தார்.

பிள்ளைகளே ஆசிரியர்

அப்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இல்லத்தில் ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவன் இருந்தான், சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகன், எட்டு வயதினன். பெல் அவனை அழைத்து, சிறு பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். வயதுவந்த ஆசிரியர் நடவாது என்றதைச் சிறுவன் நடத்திக் காட்டினான். தான் அண்மையிலே கற்ற பாடமாதலின், எந்த இடத்தில் கற்பவன் தடுமாறுவான் என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். பிள்ளைகளும் அவனிடம் அச்சமின்றிக் கேட்டனர். எழுத்து வகுப்பு விரைவில் முன்னேறியது. அதன்பின் பிற வகுப்புகளையும் மாணவர் பொறுப்பிலேயே ஒவ்வொன்றாக விட்டார் பெல்.

நம் திண்ணைப் பள்ளிகளில் இவ்வழக்கம் பழமையானதே. முன்னரே கற்ற மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று, இளையோர்க்கு முறை சொல்லிக்கொடுப்பது அங்கு இயல்பு. பெல் அந்த மணல் எழுத்தைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பெற்றதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மாணவரைக் கொண்டு கற்பிக்கும் முறையையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே இறுதிவரை கூறிவந்தார். ஆனால் இந்நாட்டில் அதுவும் புதிதன்று. 1623ஆம் ஆண்டிலேயே பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி, கன்னட நாட்டில் இக்கேரிப் பகுதியில், சிறுவர் சிலர் ஆசிரியர் இல்லாமலே மணலில் எழுதி, ஒருவர்க்கொருவர் கணக்குப் பயின்றதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

இங்குள்ள பொருள்களைக் கொண்டு பெல் ஒழுங்கான அமைப்பு ஒன்றை உருவாக்கினார் என்பது உண்மை. பிள்ளைகளை வயதைக்கொண்டு பிரிக்காமல், ஒவ்வொருவரும் அடைந்திருந்த தேர்ச்சியைக்கொண்டு வகுப்புகளாகப் பிரித்தார். வகுப்பில் வல்லவன் ஒருவனையும் மெலிந்தவன் ஒருவனையும் இணையாக அமர்த்தினார். பாடங்களைச் சிறு சிறு பகுதிகளாக்கினார். ஒரு பகுதி முற்றத் தேர்ந்தபின்னரே அடுத்த பகுதி தொடங்கும். நன்கு தேறியவன் மேல்வகுப்பிற்கு உயர்வான். பின்தங்கியவன் தனக்கேற்ற வகுப்பில் அமர்ந்து, தடுமாறிய பாடத்தை மீண்டும் பயில்வான். ஒவ்வொருவனும் நாள்தோறும் எவ்வளவு படித்தான் என்பது ஏட்டில் குறிக்கப்பட்டது. தவறு செய்தவர்களின் பெயர்கள் வேறொரு ஏட்டில் எழுதப்பட்டன. வாரந்தோறும் மாணவர் குழுவே கூடி அவற்றை விசாரித்தது. இதனால் பிரம்புக்கு அங்கு வேலை மிகவும் குறைந்தது. நம் பழைய திண்ணைப் பள்ளிகளிலும் கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகள் இருந்தமை மறுக்கமுடியாத உண்மை. பெல் அவற்றிலிருந்து மணலை எடுத்துக்கொண்டார், தண்டனையை எடுத்துக்கொள்ளவில்லை.

விளைவு என்ன? மந்தர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ இருநூற்றுவர் எழுதவும், படிக்கவும், கணக்கிடவும் கற்றுத் தொழில்களில் அமர்ந்தனர். அவர்களுள் வில்லியம் ஸ்மித் என்பவன் வரலாறு குறிப்பிடத்தக்கது. மைசூர்ப் போருக்குப்பின் பிணையாகச் சென்னையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் இளவரசர் இருவரை, 1794ஆம் ஆண்டில் தந்தையிடம் திருப்பி அனுப்பினர். அத்தூதுக் குழுவுடன் அறிவியற் கருவிகளை ஏந்திச் சென்றவன் இம்மாணவன். பேரரசர் திப்புவின் முன்னிலையில் அவன் சோதனைகளைச் செய்துகாட்டி விளக்கினான். எழும்பூர் இல்லத்தில் வளர்ந்த ஏழைச் சிறுவன் மன்னன் அவையில் ஆசிரியனாக நின்றான்! அறிவு அமையாது என்றவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

கடல் கடந்த சென்னை முறை

உடல்நலம் குன்றியமையால் 1796ஆம் ஆண்டில் பெல் சென்னையை விட்டு நீங்கினார். மறு ஆண்டில் எழும்பூர் அனுபவங்களை விளக்கி ஒரு சிறு நூலை இலண்டனில் வெளியிட்டார். 1798ஆம் ஆண்டில் இலண்டனில் ஆல்ட்கேட் பகுதிப் பள்ளி ஒன்று அம்முறையை மேற்கொண்டது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞரும் இலண்டன் ஏழைப் பிள்ளைகளுக்கு மாணவரைக் கொண்டே கற்பிக்கும் பள்ளியை நடத்தினார். முதலில் இருவரும் நட்புடன் இருந்தனர். பின்னர், இம்முறையை முதலில் கண்டவர் யார் என்பதில் கடும் பூசல் விளைந்தது. திருச்சபையினர் பெல்லின் பக்கமும், பிற சபையினர் லங்காஸ்டரின் பக்கமும் நின்றனர். இப்பூசலால் ஒரு நன்மையும் விளைந்தது; இரு சாராரும் போட்டியிட்டுப் பள்ளிகளைத் திறந்தனர்.

1811ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தேசியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. அது பெல்லின் முறையையே கைக்கொண்டது. பெல் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டு ஆசிரியரைப் பழக்கினார். அவர் இறக்கும் காலத்தில் பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் பன்னிரண்டாயிரத்திற்கு மேற்பட்ட பள்ளிகள் அம்முறையில் நடந்தன. கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் சென்னையின் பெயரையே தாங்கிய பள்ளிகள் எழுந்தன. தட்டில் மணலைப் பரப்பிச் சமப்படுத்தி, சுட்டுவிரலால் எழுதும் காட்சியைப் பனிபெய்யும் நாடுகளிலும் காணமுடிந்தது.

1814ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் வங்காள ஆட்சியினர்க்கு எழுதிய மடல் ஒன்றில், இந்தியாவில் தொன்றுதொட்டு வழங்கிய கற்பிக்கும் முறையே பெல் வாயிலாக இங்கிலாந்துக்கு வந்தது என்று ஒப்புக்கொண்டனர். அந்த மூலப்பள்ளிகள் சிலவாக இருந்தனவா? இல்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தமை 1826ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. உலகிற்கு முறையைக் கொடுத்த அப்பள்ளிகளோ பின்னர்ப் போற்றுவாரின்றிச் சிறிது சிறிதாக மறைந்தன.

முறையின் நிறையும் குறையும்

பெல்லின் முறை இங்கிலாந்தில் பரந்தது. ஆனால் எழும்பூரில் இருந்த உயிர் அதில் நீடிக்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் வரிசையாக நிறுத்தி, மணியடித்தவுடன் ஒருங்கே எழுதவும், ஒருங்கே ஒப்பிக்கவும் செய்தனர். செலவு குறைவு என்பதே அம்முறையின் முதற்சிறப்பாயிற்று. சட்டாம்பிள்ளைகள் தாமே பாடத்தைச் சரியாக அறியாமல், மனப்பாடத்தை மட்டும் கேட்டனர். ஆலையில் சக்கரம் சுழல்வதுபோல் பள்ளி சுழன்றது. தனிப்பிள்ளையின் தடுமாற்றத்தைக் காணும் கண் அங்கே இல்லை. அதனால் 1846ஆம் ஆண்டிற்குப்பின், ஆசிரியரிடம் முறையாகப் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் என்னும் புதிய ஏற்பாடு அங்கே வந்தது. பழைய முறை மெல்ல வழக்கொழிந்தது.

மணல் அதே மணல்; முறையும் அதே முறை. ஆயினும் எழும்பூரில் பயன் விளைந்தது. பின்னர் இங்கிலாந்தில் பயன் குன்றியது. ஏன்? எழும்பூரில் கருவி பிள்ளைக்காக இருந்தது. இங்கிலாந்துக் கூடங்களில் பிள்ளை கருவிக்காக இருக்க நேர்ந்தது. இவ்வேறுபாட்டை உணர்வதே பெல்லின் வரலாற்றைக் கற்பதன் பயனாகும்.

பெல்லிடமும் குறைகள் இருந்தன. புகழில் பெருவிருப்பம் உடையவர். பிறர் சொல்லை எளிதில் பொறார். 1800ஆம் ஆண்டில் செய்துகொண்ட திருமணம் பிரிவில் முடிந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கல்வி வேண்டாம் என்றும் ஒருகால் எழுதினார். எழும்பூரில் ஏழைச் சிறுவர்களின் அறிவைத் தம் கண்ணாலே கண்டவர் அவ்வாறு எழுதியது வருந்தத்தக்கது. பெரியோரின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்தம் நிறையை மட்டுமன்றிக் குறையையும் அறிந்து, நிறையைக் கைக்கொள்வதே அறிவுடைமை.

1832ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள் செல்டன்ஹாம் நகரில் பெல் காலமானார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. வாழ்நாளில் சேர்த்த செல்வம் ஏறத்தாழ 1,20,000 பவுனைக் கல்விப் பணிக்கே அவர் எழுதிவைத்தார். அப்பொருளைக் கொண்டு பிறந்த ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு ‘மெட்ராஸ் கல்லூரி’ என்று பெயரிட்டனர். ஸ்காத்லாந்துச் சிறுவர் பயிலும் அப்பள்ளி இன்றும் நம் தலைநகரின் பழம்பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்குரிய பாடம்

மணல் எழுத்தின் கருத்து நம் நாட்டில் முற்றும் மறைந்துவிடவில்லை. விசயதசமி நாளில் தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலைக்கேற்பக் கற்க வேண்டும் என்னும் கருத்தும் மீண்டும் பள்ளிகளில் புகுந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதிலும் பரவியது. அதில் பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துக்கொண்டு, ஏணிப்படி ஏறுவதுபோல் தத்தம் விரைவில் முன்னேறினர். 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்ட இடம், மீஞ்சூரைப் போன்றே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த அழிஞ்சிவாக்கம் பள்ளியாகும். அத்திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் அடைந்த தேர்ச்சிக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூவகைக் குழுக்களாக அமர்த்தினர். எழும்பூர் இல்லத்தின் வகுப்புப் பிரிவை இது நினைவூட்டவில்லையா?

இன்று மணலுக்கு மாறாகக் கணினித் திரையும் திறன்பலகையும் வகுப்பறைக்கு வந்துள்ளன. படத்தைக் காட்டலாம்; ஒலியைக் கேட்பிக்கலாம்; பிழையை ஒரு நொடியில் அழிக்கலாம். ஆனால் இன்னின்ன பிள்ளை கண்ணால் மட்டும் கற்கும், இன்னின்ன பிள்ளை செவியால் மட்டும் கற்கும் என்று முத்திரை குத்திப் பிரித்துவிடலாகாது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் சிலர் அத்தகைய ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, அப்பிரிவினைக்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு கண்டனர். ஒரே பாடத்தைக் கண்ணுக்கும் செவிக்கும் கைக்கும் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது துணையாகும். பழைய மணற் பள்ளி செய்தது இதனையே.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் பாடம் விளங்காமல் விழிக்கும் தோழர் எவரேனும் இருக்கலாம். அவரை மந்தர் என்று எண்ணி நகைக்காதீர்கள். அவர்க்கு உரிய வழி இன்னும் திறக்கவில்லை என்பதே உண்மை. அவர் அருகில் அமர்ந்து, நீங்கள் அறிந்ததை எழுதிக் காட்டுங்கள். அவரையும் எழுதச் செய்யுங்கள். பிழை நேர்ந்தால் அழித்து மறுபடி எழுதுங்கள். எட்டு வயதுச் சிறுவன் பிரிஸ்கனால் இயன்றது உங்களால் இயலாதோ? பிறர்க்குக் கற்பிக்கும்போது உங்கள் பாடமும் உறுதிபெறும். உங்கள் வகுப்பில் ஒருவரும் பின்தங்காத நாளே அந்த மணற் பள்ளி கண்ட கனவு நிறைவேறும் நாளாகும்.